கடல் வலப்பக்கம் இருக்கட்டும்: நீஸ் முதல் கியாவரி வரை காரில் ஒரு வாரம்

மத்தியதரைக் கடலோரம் ஒரு வாரம் கார் எடுத்துச் சுற்றப் போகிறோம் என்றால், பெரும்பாலும் முதல் வேலையாகப் பார்க்க வேண்டிய ஊர்களைப் பட்டியல் போடுவோம். அப்புறம் அவற்றை வரிசைப்படுத்தி நாளைக்கு ஓர் ஊர் என்று பிரிப்போம். நான் வேறு பக்கத்திலிருந்து தொடங்கினேன். ராத்திரி கார் எங்கே நிற்கும்? அத்தையின் முழங்கால் ஒரு நாளைக்கு எத்தனை படி தாங்கும்? வளைவுச் சாலையில் மகளுக்கு எவ்வளவு நேரத்தில் வயிற்றைப் புரட்டும்? இந்த மூன்றுக்கும் பதில் எழுதிய பிறகுதான் வரைபடத்தை விரித்தேன். போய் வந்த பிறகு, இதுதான் சரியான வரிசை என்று இன்னும் உறுதியாகச் சொல்வேன். மலை நேராகக் கடலில் இறங்குகிற கரை அது. ஊர்கள் எல்லாம் கார் வருவதற்குப் பல நூறு ஆண்டுகள் முன்பே கட்டப்பட்டவை. அங்கே வண்டி ஓட்டுவதில் பெரிய சிரமம் இல்லை, நிறுத்துவதில்தான் எல்லாச் சிரமமும்.

நாங்கள் நான்கு பேர்: நான், கணவர், அத்தை என்று நான் கூப்பிடும் மாமியார், ஒன்பது வயது மகள். வண்டி ஓட்டியது கணவர், திட்டம் என்னுடையது. பிரான்சின் நீஸ் நகரத்தில் இறங்கி, எல்லை தாண்டி, இத்தாலியின் லிகூரியா கடற்கரையோரமாக ஜெனோவாவைக் கடந்து கியாவரி வரை போய்த் திரும்பினோம். அதிவேகச் சாலையில் போனால் ஒரு பக்கத்துக்குச் சுமார் 235 கி.மீ.தான், மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். அதற்கா ஒரு வாரம் என்று எங்கள் வீட்டிலேயே கேட்டார்கள். ஆனால் கடலோரப் பழைய சாலையான அவுரேலியாவில் மணிக்குச் சராசரியாக 35 கி.மீ. போனால் பெரிது. ரோமானியர் காலத்துச் சாலையின் தடத்தில் ரோமிலிருந்து பிரெஞ்சு எல்லை வரை சுமார் 700 கி.மீ. நீளும் சாலை அது. ஒவ்வொரு ஊருக்குள்ளும் நுழைந்துதான் வெளியே வரும். அதனால் கிலோமீட்டரை மறந்துவிட்டு, ஸ்டியரிங் பிடிக்கும் நேரத்தை மட்டும் கணக்கிட்டேன். திரும்பும் நாள் தவிர, ஒரு நாளைக்கு இரண்டரை மணி நேரம், அதற்கு மேல் கிடையாது.

திசையைப் பற்றி யாரும் அதிகம் சொல்வதில்லை. எனக்கோ அதுதான் திட்டத்தின் அச்சாணி. அங்கே வலப்பக்கம் வண்டி ஓட்ட வேண்டும். மேற்கிலிருந்து கிழக்காக, அதாவது நீஸிலிருந்து ஜெனோவா பக்கமாகப் போனால் கடலும் வலப்பக்கம்தான். கடலுக்கும் நமக்கும் நடுவில் எதிர்வண்டி வராது. காட்சிமுனைகளில் ஒதுங்க வேண்டுமானால் எதிர்த் தடத்தைக் குறுக்கே கடக்க வேண்டியதில்லை, அப்படியே வலப்பக்கம் திருப்பி நிறுத்திவிடலாம். நம் ஊரில் இடப்பக்கம் ஓட்டிப் பழகிய கைக்கு இது பெரிய நிம்மதி. இதே பாதையைத் தலைகீழாகப் போட்டால் ஓட்டுநருக்கு மலைச்சுவர்தான் துணை.

நாளின் எந்த நேரத்தில் ஓட்டுவது என்பதும் அதேபோலத்தான். லிகூரியாவின் சின்ன ஊர்களில் மதியம் ஒரு மணிவாக்கில் கடைகள் சாத்தினால் நாலு மணிக்குக் கிட்டத்தில்தான் திறப்பார்கள். சுற்றிப் பார்ப்பதற்கு அது வீணான நேரம். ஓட்டுவதற்கோ அருமையான நேரம்: சாலையில் நெரிசல் குறைவு, வெயில் முதுகுப் பக்கம் போயிருக்கும், போய்ச் சேரும்போது தங்குமிடத்தில் அறையும் தயாராக இருக்கும். காலையில் இருக்கிற ஊரைப் பார்த்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்குக் கிளம்புவது என்று வைத்துக்கொண்டோம். மே கடைசியில் ராத்திரி ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும் என்பதால் மாலை நேரம் முழுதும் கையில் மிஞ்சும்.

கிழமையும் முக்கியம். வார இறுதியில் உள்நாட்டுப் பெருநகரங்களான மிலானும் தூரினும் கடலுக்கு இறங்கிவிடும். ஞாயிறு மாலை அவர்கள் வீடு திரும்பும்போது ஜெனோவா சுற்றியுள்ள சாலைகள் அடைத்துக்கொள்ளும். எல்லை ஊரான வென்திமீலியாவில் வெள்ளிக்கிழமை பெரிய சந்தை. பிரான்சிலிருந்தும் ஆட்கள் வந்து குவிவார்கள். அதனால் சனிக்கிழமை வந்திறங்கி, வார இறுதியை நீஸில் காரே இல்லாமல் கழித்து, திங்களன்று கார் எடுத்து எல்லை தாண்டினோம். நீளமான விமானப் பயணம் முடிந்த கையோடு, பழக்கமில்லாத பக்கத்தில் வண்டி ஓட்டச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது என் கட்சி. நீஸ் விமான நிலையத்திலிருந்து நகரத்துக்குள் டிராம் போகிறது. கார் எடுக்க அதே டிராமில் திரும்பிப் போனால் போதும். இரண்டு நாள் வாடகையும் பார்க்கிங் செலவும் மிச்சம்.

படுக்கைகளை நீஸ் 2 இரவு, சான் லோரென்சோ அல் மாரே 2 இரவு, கியாவரி 3 இரவு என்று பிரித்தேன். தினமும் பெட்டி கட்டி அவிழ்க்கிற பயணம் வயதானவர்களை மூன்றாம் நாளே சோர்வாக்கிவிடும்.

இந்தப் பிரிவு விசாவையும் தீர்மானிக்கிறது. ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு, முதலில் கால் வைக்கும் நாட்டிடம் அல்ல, அதிக நாள் தங்கும் நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். எங்களுக்கு பிரான்சில் 2 இரவு, இத்தாலியில் 5. ஆகவே நீஸில் இறங்கினாலும் விண்ணப்பம் இத்தாலிக்கு. இரவுகள் சமமாக இருந்தால்தான் முதலில் நுழையும் நாடு கணக்கில் வரும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கு விசாக் கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடு கட்டாயம். கோடை விடுமுறைக்கு முன்பு நேர்காணல் தேதி கிடைப்பதே பாடு என்பதால், பொங்கல் முடிந்தவுடன் இந்த வேலையை ஆரம்பித்துவிட்டேன்.

ஓட்டுநர் உரிமம் பற்றி இரண்டு வரி. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொள்ள வேண்டும், அது ஒரு வருடம் செல்லும். அதோடு நம் அசல் உரிமமும் கையில் இருக்க வேண்டும். ஒன்று இல்லாமல் மற்றொன்று மட்டும் காட்டினால் போதாது.

காரைச் சிறியதாக எடுங்கள். நான்கு பேருக்கும் பெட்டிகளுக்கும் பெரிய வண்டி வேண்டும் என்றுதான் முதலில் தோன்றும். மலையூர்ச் சந்துகளையும் நிலத்தடிப் பார்க்கிங்கின் திருகு வளைவுகளையும் நினைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். பெட்டிகளைக் குறைத்தோம், ஆளுக்கு ஒரு சின்னப் பெட்டி. ஆட்டோமேட்டிக் வேண்டுமானால் பதிவு செய்யும்போதே தனியாகக் குறிப்பிட வேண்டும், ஐரோப்பாவில் கியர் வண்டி கொடுப்பது இன்னும் சகஜம். முன்பணத்தை ஓட்டுநர் பெயரில் உள்ள கிரெடிட் கார்டில்தான் பிடித்து வைப்பார்கள், டெபிட் கார்டு பல இடங்களில் செல்லாது. எல்லை தாண்ட அனுமதி உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு நாட்டில் எடுத்து இன்னொரு நாட்டில் விட்டால் கூடுதல் கட்டணம் மிரள வைக்கும். அதனால்தான் எடுத்த இடத்திலேயே திரும்ப விடுகிற மாதிரி திட்டம் போட்டேன். இத்தாலியில் 150 செ.மீ. உயரத்துக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கும், பிரான்சில் பத்து வயதுக்குட்பட்டவர்களுக்கும் தனி இருக்கை கட்டாயம். மகளுக்கு அடியில் வைக்கும் பூஸ்டர் இருக்கையைச் சென்னையிலிருந்தே எடுத்துப் போனோம். வண்டியை வாங்கும்போதும் விடும்போதும் சுற்றி வந்து சக்கர விளிம்பு, முன்கண்ணாடி, கூரை வரைக்கும் வீடியோ எடுத்து வைத்தோம்.

இத்தாலிய நகரங்களில் ஒரு விஷயத்துக்கு உண்மையிலேயே பயப்பட வேண்டும். அதுதான் இசட்.டி.எல். என்ற போக்குவரத்துக் கட்டுப்பாட்டுப் பகுதி. பழைய நகரத்தின் வாசலில் சிவப்பு வட்டம் போட்ட வெள்ளைப் பலகையும் கேமராவும் இருக்கும். தடுப்புக் கம்பி இருக்காது, யாரும் நிறுத்த மாட்டார்கள். உள்ளே போய் வந்தால் மாதங்கள் கழித்து அபராதம் வீடு தேடி வரும், வாடகை நிறுவனம் தன் பங்குக்கு ஒரு கட்டணமும் சேர்க்கும். தெரிந்த குடும்பம் ஒன்றுக்கு, ஊர் திரும்பி அந்தப் பயணத்தையே மறந்த பிறகு, ஒரே மாலைக்கு இரண்டு அபராதம் வந்தது. ஒன்று நுழைந்ததற்கு, ஒன்று வழி தேடி மறுபடி நுழைந்ததற்கு. ஆகவே பழைய நகரத்துக்குள் இருக்கும் தங்குமிடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம் என்று வைத்துக்கொண்டேன். பதிவு செய்யும் முன் ஒவ்வொரு வீட்டுக்காரருக்கும் ஒரே செய்தியை அனுப்பினேன்: வண்டி நிறுத்துமிடத்தின் புகைப்படமும், கடைசி 500 மீட்டர் சாலையின் புகைப்படமும் வேண்டும். அனுப்பியவர் வீட்டைத்தான் எடுத்தேன். சாலையோரக் கோடுகளின் நிறமும் தெரிந்திருக்க வேண்டும். வெள்ளைக் கோடு இலவசம், நீலம் கட்டணம், மஞ்சள் ஒதுக்கப்பட்ட இடம். வெள்ளைக் கோட்டிலும் நேர வரம்புப் பலகை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சுங்கச் சாவடியில் நம் ஃபாஸ்டேக் பழக்கத்தை மறக்க வேண்டும். நுழையும்போது சீட்டு எடுத்து, வெளியேறும்போது பணம் கட்டுகிற முறைதான் இத்தாலியில் பெரும்பாலும். மஞ்சள் தடம் கருவி பொருத்திய வண்டிகளுக்கு, அதில் போகக் கூடாது. நீலம் கார்டுக்கு, கையும் காசும் வரைந்த வெள்ளைத் தடம் ரொக்கத்துக்கு. தவறான தடத்தில் மாட்டினாலும் பின்னால் எடுக்கவே கூடாது, உதவிப் பொத்தானை அழுத்தினால் ஒரு குரல் பேசும். பெட்ரோல் நிலையத்தில் 'காசோலியோ' என்று எழுதியிருப்பது டீசல். எங்கள் வண்டிக்கு வேண்டியது 'பென்சினா'. மகள் இதை ஒரு மஞ்சள் சீட்டில் எழுதி டாஷ்போர்டில் ஒட்டிவிட்டாள்.

திங்கள் காலை நீஸிலிருந்து கிளம்பினோம். அங்கிருந்து எல்லையோர ஊரான மாந்தோன் வரை மலைச்சரிவில் அடுக்கடுக்காக மூன்று சாலைகள். கீழே உள்ளது கடலோரம், ஆனால் ஊர்நெரிசல். உச்சியில் உள்ள கிராந்த் கோர்னிஷ் நெப்போலியன் காலத்துச் சாலை. நாங்கள் நடுச்சாலையில் போனோம், உயரமும் கிடைக்கும், வளைவும் அளவோடு இருக்கும். வழியில் ஏஸ் என்ற மலையூர் கடலுக்கு 400 மீட்டருக்கு மேல் செங்குத்தாக நிற்கிறது. உள்ளே முழுதும் படிகள். அத்தை அடிவாரத்துக் காப்பிக்கடையில் உட்கார்ந்துகொள்ள, நாங்கள் மூவரும் ஏறி இறங்கினோம். மே கடைசி, ஜூன் தொடக்கத்தில் போகிறவர்கள் மொனாக்கோ கார் பந்தயத் தேதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த வாரம் இந்தப் பக்கம் அறையும் கிடைக்காது, சாலையும் நகராது.

மாந்தோனில் சாப்பிட்டுவிட்டு எல்லை தாண்டினோம். எல்லை என்று ஒன்று இருப்பதே தெரியாது. ஆனாலும் பிரான்ஸ் 2015 முதல் இங்கே சோதனை வைத்திருக்கிறது, அதுவும் பிரான்சுக்குள் நுழையும் திசையில்தான் அதிகம். பாஸ்போர்ட்டைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டாமல் கைப்பையில் வைத்திருங்கள்.

சான் லோரென்சோவில் எங்கள் வீடு ஒலிவத் தோப்புக்கு நடுவே, கடலிலிருந்து கொஞ்சம் மேலே. அந்த ஊரைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம் சைக்கிள் பாதை. முன்பு இங்கே ரயில் கடலை ஒட்டியே ஓடியது. 2001இல் தண்டவாளத்தை உள்நாட்டுச் சுரங்கங்களுக்கு மாற்றிவிட்டார்கள். காலியான பழைய தடத்தைச் சான் லோரென்சோவிலிருந்து ஓஸ்பெதலெத்தி வரை 24 கி.மீ. சைக்கிள் பாதையாக்கினார்கள். ரயில் போன பாதை என்பதால் ஏற்றமே கிடையாது. ஒரு பக்கம் பாறையும் அலையும், மறுபக்கம் பழைய நிலையக் கட்டடங்கள், நடுநடுவே குளிர்ந்த சுரங்கங்கள். மகளுக்கும் எங்களுக்கும் சைக்கிள், அத்தைக்காகக் கூரை போட்டு நாலு பேர் மிதிக்கும் வண்டி ஒன்றும் கொஞ்ச நேரத்துக்கு எடுத்தோம். அவர் முன் இருக்கையில் உட்கார்ந்து, எதிரே வருகிறவர்கள் எல்லோருக்கும் கையசைத்துக்கொண்டே வந்தார். காரில் போயிருந்தால் அந்தக் கரையை ஊர்களின் பின்புறமாகத்தான் பார்த்திருப்போம். கார் பயணத் திட்டத்தில் கார் தொடாத ஒரு முழு நாளை வையுங்கள் என்று நான் யாரைப் பார்த்தாலும் சொல்வது இதனால்தான்.

மாலையில் புஸ்ஸானா வெக்கியா. 1887 பிப்ரவரி 23 நிலநடுக்கத்தில் இடிந்து, மக்கள் கைவிட்டுக் கீழே புதிய ஊர் கட்டிக்கொண்ட மலையூர் அது. பல பத்தாண்டுகள் கழித்து ஓவியர்களும் கைவினைஞர்களும் வந்து இடிபாடுகளுக்குள் குடியேறினார்கள். கூரையில்லாத தேவாலயத்துக்குள் வானம் தெரிகிறது. சாலையோரம் நிறுத்திவிட்டுக் கொஞ்சம் நடக்க வேண்டும், தரை சமமில்லை, நல்ல செருப்பு போட்டுப் போங்கள்.

புதன்கிழமைதான் நீளமான ஓட்டம். நோலி வரை அவுரேலியாவில் போனோம். வரிகோத்தியை அடுத்து நோலி முனையில் பாறையைக் குடைந்து போட்ட சாலை, இந்தக் கரையிலேயே எனக்குப் பிடித்த துண்டு. அங்கிருந்து அதிவேகச் சாலைக்கு ஏறிவிட்டோம். சவோனாவும் ஜெனோவாவும் துறைமுகத் தொழில் நகரங்கள், அவற்றை அவுரேலியாவில் கடந்தால் சிக்னல் சிக்னலாகப் பாதி நாள் போய்விடும்.

ஜெனோவாவில் அந்தச் சாலை ஒரு பாலத்தின் மேல் போகிறது. 1967இல் திறந்த மொராந்தி பாலம் 2018 ஆகஸ்ட் 14 அன்று மழையில் இடிந்து விழுந்து 43 பேர் இறந்தார்கள். ஜெனோவாக்காரரான கட்டடக் கலைஞர் ரென்சோ பியானோ வடிவமைத்த புதிய பாலத்தை 2020 ஆகஸ்டில் திறந்தார்கள். கணவர் கட்டுமானத் துறையில் இருப்பவர். கான்கிரீட்டுக்குள் பொதிந்த இரும்புக் கம்பிகள் துருப்பிடித்ததை வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாமல் போனதைப் பற்றி வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். திட்டம் போடுபவருக்கும் இதில் செய்தி உண்டு. அந்த விபத்துக்குப் பிறகு லிகூரியாவின் சுரங்கங்களையும் பாலங்களையும் தொடர்ந்து சோதித்துச் சீர்செய்து வருகிறார்கள். பல இடங்களில் இரண்டு தடம் ஒன்றாகச் சுருங்கும். செயலி காட்டும் நேரத்தோடு முக்கால் மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள், அதுவும் விமானம் பிடிக்கிற நாளில்.

ஜெனோவா நகரத்துக்குள் போகவில்லை. அரண்மனைத் தெருக்களும் துறைமுகமும் உள்ள அந்த நகரத்துக்குத் தனியாக மூன்று நாள் வேண்டும், போகிற வழியில் இரண்டு மணி நேரம் எட்டிப் பார்ப்பது அதற்கு மரியாதை இல்லை.

சிங்குவே தெர்ரே என்பது கடலோர மலைச்சரிவில் உள்ள ஐந்து ஊர்கள். அதைப் பார்க்கப் போகிறவர்கள் பொதுவாக அந்த ஐந்து ஊர்களில் ஒன்றிலோ, பக்கத்து நகரமான லா ஸ்பெசியாவிலோ தங்குவார்கள். நான் கியாவரியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், சமதளம். மலையும் படியுமான அந்தக் கரையில் கியாவரி மேடு பள்ளமில்லாத ஊர். பழைய கடைத்தெரு முழுதும் வளைவு மண்டபங்களுக்குக் கீழே போகிறது, மழையிலும் நனையாமல் நடக்கலாம். உள்ளூர் மக்கள் காய்கறி வாங்கும் சாதாரண ஊர். ஒரு பக்கம் கமோலி, மறுபக்கம் சிங்குவே தெர்ரே, இரண்டுக்கும் ரயில் இருக்கிறது. காரை வீட்டு முற்றத்தில் நிறுத்திவிட்டு மூன்று நாளில் ஒரே ஒரு முறைதான் எடுத்தோம்.

அந்த ஒரு முறை மொனேலியாவுக்கு. கியாவரிக்குக் கிழக்கே செஸ்த்ரி லெவாந்தே தாண்டியதும் அவுரேலியா கடலை விட்டு விலகி, ப்ராக்கோ கணவாய் என்று 600 மீட்டருக்கு மேல் மலையேறிவிடும். ஓயாத வளைவுகள், கடலும் தெரியாது. கடலோரமாகப் போக வேண்டுமானால் ரீவா த்ரிகோசோவிலிருந்து மொனேலியாவுக்குப் பழைய ரயில் சுரங்கங்கள் வழியாகத்தான் போக வேண்டும். ஒரு வண்டி மட்டுமே போகும் அகலம். ஒரு திசைக்கு ஒரு நேரம் என்று பலகையில் எழுதிப் போட்டிருக்கிறார்கள். பச்சை விளக்கு சில நிமிடம்தான், தவறினால் அடுத்த முறை வரை காத்திருக்க வேண்டும்.

நாங்கள் போனபோது சிவப்பு. எங்களுக்கு முன்னால் நாலைந்து வண்டிகள், எல்லோரும் எஞ்சினை அணைத்துவிட்டிருந்தார்கள். ஒருவர் இறங்கி வண்டி மேல் சாய்ந்து பழம் தின்றுகொண்டிருந்தார்.

"இன்னும் எவ்வளவு நேரம்ப்பா?" என்றார் அத்தை.

"பத்து நிமிஷம் இருக்கும்மா. எதிர்ப்பக்கத்து வண்டியெல்லாம் வந்து முடியணும்" என்றார் கணவர்.

பச்சை விழுந்ததும் வரிசை அப்படியே உள்ளே இழுத்துக்கொண்டு போனது. பாறை கை நீட்டினால் தொடும் தூரத்தில். இருட்டு, சட்டென்று சுவரில் ஒரு திறப்பு, அதில் முழு நீலமாகக் கடல், மறுபடி இருட்டு. மகள் ஜன்னல் கண்ணாடியில் மூக்கை வைத்து, அடுத்த திறப்பு எப்போது என்று பார்த்துக்கொண்டே வந்தாள். உள்ளே யாரும் நிறுத்திப் படம் எடுக்கக் கூடாது, பின்னால் வருகிறவர்களும் எதிரில் காத்திருப்பவர்களும் அந்தச் சில நிமிடத்தை நம்பியிருக்கிறார்கள். நேரப் பலகையை முதல் நாளே படம் எடுத்து வைத்துக்கொண்டால் வீட்டிலிருந்து கணக்காகக் கிளம்பலாம்.

வியாழக்கிழமை சிங்குவே தெர்ரே. வியாழன் என்று வைத்ததற்கும் காரணம் உண்டு. இத்தாலியில் ரயில் வேலைநிறுத்தங்களை முன்கூட்டியே அறிவிப்பார்கள், அவை அடிக்கடி வெள்ளிக்கிழமைகளில் வரும். அப்படி வந்தாலும் வேலை நாட்களில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் குறிப்பிட்ட வட்டார ரயில்கள் ஓடியாக வேண்டும். இந்த இரண்டு வேளையையும் மனதில் வைத்துக்கொண்டால் எங்கேயும் மாட்டிக்கொள்ள மாட்டோம்.

1997இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற ஐந்து ஊர்களையும் ஒரே நாளில் பார்ப்பது என்று பலரும் ஓடுகிறார்கள். நாங்கள் இரண்டே பார்த்தோம், மோன்தெரோஸ்ஸோவும் வெர்னாட்சாவும். இரண்டிலும் நிலையத்திலிருந்து கடல் வரை அத்தை நடக்க முடிந்தது. கோர்னீலியா மலைமேல் இருக்கிறது, நிலையத்திலிருந்து முந்நூற்றுக்கும் மேற்பட்ட படிகள், சிற்றுந்து இருந்தாலும் கூட்டம். வெர்னாட்சாவின் அந்த ஒற்றைத் தெருவில் நிற்கும்போது 2011 அக்டோபர் 25 வெள்ளத்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை. மலையிலிருந்து இறங்கிய சேறு இங்கே வீடுகளின் கீழ்த்தளத்தை மூடியது. மலைச்சரிவைத் தாங்கி நிற்பது சாந்து இல்லாமல் அடுக்கிய கல்சுவர்கள். அவற்றைப் பராமரிக்க ஆள் குறையக் குறைய மண் நழுவுகிறது. இலையுதிர்காலத்தில் லிகூரியாவுக்கு மழை எச்சரிக்கை அடிக்கடி வரும், நடைபாதைகளை மூடிவிடுவார்கள். கடல் நீர் இதமாக இருக்கும் என்று அக்டோபர் கடைசியைத் தேர்ந்தெடுப்பவர்கள் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும். மே மாதத்தில் நீர் சில்லென்றிருந்தாலும் எனக்கு மே மாதம்தான் சரி.

வெள்ளியன்று கமோலியிலிருந்து படகில் சான் ஃப்ருத்துவோசோ. சாலையே இல்லாத குடாவில் ஒரு பழைய மடாலயம், படகிலோ நடந்தோதான் போக முடியும். கடல் கொஞ்சம் கலங்கினாலும் படகை நிறுத்திவிடுவார்கள். அதனால் வியாழனையும் வெள்ளியையும் தேவைப்பட்டால் இடம் மாற்றிக்கொள்ளும்படி, இரண்டுக்கும் முன்பதிவு எதுவும் செய்யாமல் விட்டிருந்தேன்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் முடியாது, அத்தை முட்டைகூடச் சாப்பிடாதவர். லிகூரியா சைவக்காரர்களுக்கு இத்தாலியிலேயே நல்ல இடங்களில் ஒன்று, ஆனால் கேட்டு வாங்க வேண்டும். துளசி வகை இலையை அரைத்துச் செய்யும் பெஸ்தோ என்ற சட்னியில் போடும் பார்மிஜானோ பாலாடைக்கட்டி கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதியால் உறைய வைப்பது. அடைத்துச் சுட்ட காய்கறியில் பெரும்பாலும் இறைச்சி கலந்திருக்கும். நெத்திலி எதிர்பாராத பண்டத்தில் எல்லாம் ஒளிந்திருக்கும். இறைச்சி, மீன், முட்டை, பாலாடைக்கட்டி வேண்டாம் என்று இத்தாலிய மொழியில் எழுதிக் கைபேசியில் வைத்திருந்தேன். கடைக்காரர்கள் பொறுமையாகப் படித்துவிட்டு, எது ஆகும் என்று கைகாட்டினார்கள்.

அத்தைக்கு வழி காட்டியது ஃபரினாத்தா. கடலை மாவு, தண்ணீர், ஒலிவ எண்ணெய், உப்பு, அவ்வளவுதான். ஆள் உயரத்துக்குப் பாதி அகலமான வட்டச் செப்புத்தட்டில் மாவை ஊற்றி, விறகடுப்புக்குள் தள்ளுகிறார்கள். ஓரம் கருகிச் சிவந்து, நடு மட்டும் மெத்தென்று வெளியே வருகிறது. கத்தியால் தாறுமாறாக வெட்டி, மிளகுத்தூள் தூவிக் காகிதத்தில் தருவார்கள். முதல் வாய் வைத்ததும் அத்தை என் கையைப் பிடித்தார். "கடலை மாவுல அடை வார்த்த மாதிரியே இருக்கும்மா. ரெண்டு பச்சை மிளகா கிள்ளிப் போட்டா நம்ம வீட்டுதுதான்." அன்றிலிருந்து தினமும் ஒரு வேளை அதுதான். எல்லைக்கு அந்தப் பக்கம் நீஸிலும் இதே பண்டம் சொக்கா என்ற பெயரில் கிடைக்கிறது. மற்ற வேளைக்குச் சமையலறை உள்ள வீடுகளாக எடுத்தது கைகொடுத்தது. பருப்புப் பொடியும் புளிக்காய்ச்சலும் கொண்டுபோயிருந்தோம், அரிசியும் தயிரும் எந்தக் கடையிலும் கிடைக்கும்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கியாவரியை விட்டுக் கிளம்பி, நேராக அதிவேகச் சாலையில் நீஸ். மிலான் கூட்டம் கடலை நோக்கி வரும் நேரம் அது. எதிர்த்தடங்கள் நிரம்பி வழிய, எங்கள் பக்கம் அநேகமாகக் காலி. எல்லைக்கு முன்பே டேங்க்கை நிரப்பிவிட்டு ரசீதை வைத்துக்கொண்டோம், விமான நிலையத்தில் வண்டியை விடும்போது கேட்டார்கள்.

அத்தை மாதிரிப் பெரியவர்கள் உடன் வராவிட்டால் இந்தத் திட்டத்தில் இரண்டு இடங்களை மாற்றுவேன். முதல் நாள் ஏஸுக்குப் பதிலாக, எல்லையை ஒட்டிக் கடல் வரை இறங்கும் ஹான்பரி தோட்டத்துக்கு அரை நாள் கொடுப்பேன். அது 1867இல் தாமஸ் ஹான்பரி என்ற ஆங்கிலேயர் நிலம் வாங்கித் தொடங்கியது, ஏறி வரக் கால் வேண்டும். கியாவரியில் ஓர் இரவு கூட்டி, ரியோமஜ்ஜோரேயிலிருந்து மனரோலாவுக்கு நடக்கும் கடலோரப் பாதைக்குப் போவேன். 2012இல் பாறை சரிந்து மூடிய அந்தப் பாதையை 2024இல் மறுபடி திறந்திருக்கிறார்கள். நுழைய நேரம் குறித்த சீட்டு வேண்டும், கிளம்பும் முன்பே எடுத்துக்கொள்ளுங்கள்.